‘போலீஸ் சொன்னதைத்தானே சொன்னேன்?’ – ஒரு பொய்ப் புகாரும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

கேள்வி: ஐயா, நான் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். நகைச்சுவை வீடியோக்களால் பெயர் பெற்ற, ஓசூரைச் சேர்ந்த பெண் கலைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் இரவு நேரத்தில் தொப்பூர் கணவாயில் இரண்டு பேர் தம் காரை மறித்துக் கத்தியைக் காட்டி 12 பவுன் நகையைப் பறித்துக்கொண்டதாகப் புகார் கொடுத்தார். ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டது, நானும் பட்டேன். விசாரணை என்ற பெயரில், தொப்பூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா மகனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். பிறகு, சுங்கச்சாவடி கேமராவில் பதிவான நேரம் அவர் சொன்னதோடு பொருந்தவில்லை என்றும், நகை ஓர் அடகுக் கடையில் இருப்பதாகவும், புகாரே பொய் என்று போலீசார் சந்தேகிப்பதாகவும் செய்தி வந்தது. ஆத்திரத்தில் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, ‘திருடி, போலீசையே ஏமாற்றிய மோசடிக்காரி’ என்று எழுதி, அவருடைய வீடு இருக்கும் தெருவையும் குறிப்பிட்டேன். வேறொருவர் அனுப்பிய, அவரைக் கொச்சையாகக் காட்டும் மீம் ஒன்றையும் பகிர்ந்தேன். இப்போது 15 நாளில் பகிரங்க மன்னிப்பும் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பொய்ப் புகார் கொடுத்தவருக்குத் தண்டனை கிடையாதா? போலீஸ் சொன்னதைச் சொன்ன என்மீது எப்படி வழக்கு வரும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அக்கா மகனுக்கு நேர்ந்தது ஒன்று. நீங்கள் குழுவில் எழுதியது மற்றொன்று. முதலாவதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கிறது.

‘போலீஸ் சொன்னது’ என்கிறீர்கள். எங்கே சொன்னது, எந்தக் காகிதத்தில் சொன்னது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பெயர் சொல்லாத ஓர் அதிகாரி செய்தியாளரிடம் தெரிவித்த சந்தேகத்துக்குச் சட்டத்தின் பார்வையில் எந்த மதிப்பும் இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான வழக்கில், புலனாய்வு முடிந்ததும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவின்படி காவல் துறை குற்றவியல் நடுவரிடம் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். குற்றம் நடந்தது உண்மை, ஆனால் குற்றவாளி கிடைக்கவில்லை என்று முடிப்பது ஒரு வகை. நம் ஊர் ஸ்டேஷன்களில் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’, அதாவது புகாரில் சொன்ன தகவலே தவறு, என்று சொல்லி முடிப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் முடித்தாலும்கூட, புகார்தாரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று அது தானாக ஆகிவிடாது. அந்த அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே சொல்லிவிட்டது. அவர் ஆட்சேப மனுவும் போடலாம். உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால், இந்த வழக்கு இன்னும் அந்தக் கட்டத்தையே எட்டியதாகத் தெரியவில்லை.

அவசரப்பட்ட ஊர்வாய்க்கு என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்வது பொருத்தம். 2019 ஜனவரியில் சிகாகோ நகரில் ஜஸ்ஸி ஸ்மோலெட் என்ற தொலைக்காட்சி நடிகர், நள்ளிரவில் இருவர் தம்மை இனவெறியோடு தாக்கியதாகப் புகார் கொடுத்தார். நாடே அவருக்காகக் குரல் கொடுத்தது. சில வாரங்களில், தாக்குதலை அவரே ஏற்பாடு செய்தார் என்று போலீஸ் வழக்குப் போட்டதும், அதே வாய்கள் அவரைக் கேலி செய்தன. மார்ச் மாதம் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்பட்ட பிறகு, 2020-ல் மறுபடி குற்றச்சாட்டு வந்தது. 2021 டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2022 மார்ச்சில் 150 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2024 நவம்பரில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. அவர் நிரபராதி என்பதற்காக அல்ல. முதலில் வழக்கைக் கைவிடும்போது அரசு கொடுத்த வாக்கை மீறி மறுபடி வழக்கு நடத்தியது தவறு என்பதற்காக. அவர் கடைசி வரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகளுக்குள் இத்தனை முறை புரண்ட ஒரு விவகாரத்தில், எந்த மாதம் வாய் திறந்தவர் சரியாகச் சொன்னார் என்று சொல்ல முடியுமா?

இனி, பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டா என்ற கேள்வி. உண்டு. ஓர் அரசு ஊழியரைத் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி இன்னொருவருக்குத் தீங்கு செய்யவைக்கும் நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே அவரிடம் தகவல் கொடுப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்து மூலம் முறையிட்டால் மட்டுமே நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியும். நீங்களோ நானோ மனுப் போட்டு அந்த வழக்கைத் தொடங்க முடியாது. இதைவிடக் கடுமையான 248-வது பிரிவு, ஒருவர்மீது தீங்கு செய்யும் எண்ணத்துடன் பொய்யாகக் குற்றம் சாட்டுவதற்கு உரியது. ஐந்து ஆண்டு வரை, சில வேளைகளில் பத்து ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தக் கலைஞர் ‘அடையாளம் தெரியாத இருவர்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். உங்கள் அக்கா மகனைக் குறிப்பிடவே இல்லை. ஆகவே இந்தப் பிரிவு இங்கே நிற்பது கடினம் என்பதே என் கருத்து. அவர் உண்மையில் பொய் சொல்லியிருந்தாலும் இதுதான் நிலை.

இப்போது உங்கள் சொற்களுக்கு வருகிறேன். அதே நியாய சன்ஹிதாவில் அவதூறுச் சட்டமான 356-வது பிரிவில் விதிவிலக்குகள் பல உண்டு. நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வது ‘உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது’ என்ற முதல் விதிவிலக்கை. அதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொல்வது பொது நன்மைக்காக இருக்க வேண்டும். இரண்டையும் மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தோளில்தான் விழும். ‘திருடி’ என்று எழுதினீர்கள். செய்தியில் வந்த அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தம் சொந்த நகையைத் தாமே அடகு வைத்துவிட்டுப் பறிபோனதாகச் சொன்னவர் பொய்யராக இருக்கலாம். திருடராக முடியாது, ஏனென்றால் தம் கைவசம் இருந்த சொந்தப் பொருளைத் தாமே அடகு வைப்பது திருட்டு ஆகாது. அந்த ஒரு சொல்லுக்கு எந்த நீதிமன்றத்திலும் உங்களுக்குப் பதில் இருக்காது. ‘புகாரில் சந்தேகம் இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது, போலீஸ் விளக்கம் தர வேண்டும்’ என்று எழுதியிருந்தால், இந்த நோட்டீஸுக்கே இடமிருந்திருக்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த மீமும் வீட்டுத் தெருவும்தான். ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கம் கொண்ட சொல்லோ படமோ 79-வது பிரிவில் வந்தால், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அவதூறைப் போலன்றி இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். ‘நான் வரையவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்ற வாதம் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவை 2018-ல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகரின் வழக்கில், பகிர்ந்தவரும் பொறுப்பாளியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது; உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது; 2024-ல் தண்டனையும் விதிக்கப்பட்டது. மீமையும், ‘திருடி’ என்ற சொல்லும் முகவரியும் உள்ள பதிவையும் இன்றே நீக்குங்கள். நீக்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் நீக்கும் முன் முழு உரையாடலையும் தேதியுடன் சேமித்துக்கொள்ளுங்கள், போனை மாற்றாதீர்கள். அங்கே வேறு யார் என்ன எழுதினார்கள் என்பது பின்னால் உங்களுக்கே தேவைப்படலாம்.

நோட்டீஸ் பற்றிப் பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அவதூறு பிணையில் விடக்கூடிய குற்றம். நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் தாமே நடுவர் முன் தனிப் புகார் கொடுக்க வேண்டும், அதை ஏற்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். குற்ற வழக்குக்கு மூன்று ஆண்டும் நஷ்டஈட்டு வழக்குக்கு ஓராண்டும் காலவரம்பு. பத்து லட்சம் கேட்டு உரிமையியல் வழக்குப் போட, தமிழ்நாட்டில் மூன்று சதவீதம், அதாவது 30,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நோட்டீஸில் எழுதும் தொகைக்கு எந்தக் கட்டணமும் இல்லை என்பதால் அங்கே பூஜ்ஜியங்கள் தாராளமாகவே விழும். கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலில் புகார் பொய்யா மெய்யா என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். அந்தச் சொல்லையும் மீமையும் நீக்கியதைத் தெரிவித்து, அவற்றுக்கு வருத்தம் மட்டும் சொல்லுங்கள். விசாரணை பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்கள் அனுப்பிய மன்னிப்பு வாசகத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதையே நாளை ஒப்புதலாகக் காட்டுவார்கள். இந்தக் குற்றம் சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடியது என்பதால், நிதானமான ஒரு பதிலோடு விவகாரம் அடங்கிவிட வாய்ப்பு அதிகம்.

கடைசியாக உங்கள் அக்கா மகன். உண்மையான வழக்கு அவருடையதுதான். சாட்சியாக அழைப்பதானால் எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இரண்டும் இல்லாமல் இரண்டு நாள் உட்காரவைத்ததற்குப் பெயரே கிடையாது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், யார் கூட்டிவந்தார்கள், கையெழுத்து வாங்கினார்களா என்பதை அவரே தம் கைப்பட எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்தப் புகாரே பொய் என்று அவர் நம்பினால், அதையும் காரணங்களோடு அதே மனுவில் எழுதி, 217-ன்படி நடவடிக்கை எடுக்கும்படி கேட்கலாம். அதிகாரம் உள்ள ஒருவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அவதூறு ஆகாது என்று 356-வது பிரிவின் எட்டாவது விதிவிலக்கே சொல்கிறது. குழுவில் எழுதியபோது உங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, அந்த மனுவில் அவருக்குக் கிடைக்கும். ‘திருடி’ என்ற சொல்லை மட்டும் அதில் எழுதவிடாதீர்கள்.