கழன்ற ஜிர்கோனியா கிரவுனின் உள்ளே பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். கீழ்க் கடைவாயில் மாட்டிய ஜிர்கோனியா கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் பீங்கான் உறை) ஆறு மாதத்தில் இரண்டு முறை கழன்றுவிட்டது. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் போட்டு, சிலேன் தடவி, ரெசின் சிமென்ட்டில்தான் ஒட்டினேன். எங்கே தப்பு?

பதில்: கழன்ற கிரவுனைச் சுரண்டுவதற்கு முன் உள்ளே பாருங்கள், டாக்டர். உட்புறம் வெள்ளை வெளேரென்று இருந்து, சிமென்ட் பல்லிலேயே தங்கியிருந்தால் கோளாறு கிரவுன் பக்கம். சிமென்ட் கிரவுனோடு வந்திருந்தால் பல் பக்கம்; பெரும்பாலும் ஒட்டும்போது ஈரம் பட்டிருக்கும். நீங்கள் சொல்லும் முறைக்கு முதலாவதுதான் நடந்திருக்கும்.

ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கரைப்பது கண்ணாடியை. லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு வகைக் கிரவுன் பீங்கானில் கண்ணாடி இருக்கிறது. அதற்கு 5 சதவீத ஆசிட் 20 விநாடி, பிறகு சிலிக்காவையும் ரெசினையும் இணைக்கும் சிலேன். ஜிர்கோனியாவில் ஆசிட் அரிக்கக் கண்ணாடியும் இல்லை, சிலேன் பிடிக்கச் சிலிக்காவும் இல்லை.

கிரவுன் உடையவில்லை என்றால் அதையே திரும்ப ஒட்டலாம். வாயில் மாட்டிப் பார்த்த பிறகு உட்புறத்தைச் சாண்ட்பிளாஸ்ட் செய்யுங்கள், அதாவது காற்றழுத்தத்தில் துகளை அடித்துச் சொரசொரப்பாக்குங்கள்: 50 மைக்ரான் அலுமினாத் தூள், 2 பார் அழுத்தம், 10 மி.மீ. தூரம், 10 முதல் 15 விநாடி. உட்புறத்தின் மினுமினுப்பு போய் ஒரே சீராக மங்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், நுண்விரிசல் விழும். கழுவி உலர்த்தி, ஜிர்கோனியாவை ரசாயனமாகப் பிடிக்கும் 10-எம்டிபி உள்ள பிரைமர், அதன்மேல் ரெசின் சிமென்ட்.

லேபிலேயே பிளாஸ்ட் செய்து அனுப்பியிருந்தால், மாட்டிப் பார்க்கும்போது எச்சில் பட்டு அதிலுள்ள பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குப் போகாது. பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லும் கூடாது. அதுவும் பாஸ்பேட்டைத்தான் விட்டுப்போகும், எம்டிபி பிடிக்க இடமிருக்காது. இவோகிளீன் என்ற சுத்தம் செய்யும் பேஸ்ட்டை 20 விநாடி போட்டுக் கழுவுங்கள்.

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் கடற்காற்றின் ஈரத்தால் கம்ப்ரசர் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஈரம் ஏறினால் அலுமினா கட்டிபிடித்து நாஸிலை அடைக்கும். கிரவுன் உலர்ந்தது போலத் தெரியும், உலர்ந்திருக்காது. தினமும் காலையில் டேங்க்கை வடியுங்கள். காற்றை மட்டும் ஒரு வாய்க் கண்ணாடியில் அடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஈரம் படிந்தால் ஃபில்டரை மாற்றும்வரை ஒட்டும் வேலை வேண்டாம். லித்தியம் டைசிலிகேட்டுக்கு வைத்திருக்கும் சிலேனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள், புட்டியின் குளிர் விடட்டும். பால் போலக் கலங்கியிருந்தால் வீண்.

இத்தனைக்குப் பிறகும் கழன்றால் பல்லின் சுவரை அளந்து பாருங்கள். கடைவாய்ப் பல்லில் 4 மி.மீ.க்குக் குறைந்து, மேலே கூம்பிப் போயிருந்தால் சிமென்ட்டை மட்டும் நம்ப முடியாது. பக்கச் சுவரில் பிடிப்புக்கு க்ரூவ் (பள்ளக் கோடு) வெட்டி, புது அளவெடுத்துப் புதுக் கிரவுன் செய்யுங்கள்.