லெஃப்ட் ஜாயின் எழுதியும் சில உறுப்பினர்கள் விடுபடுவது ஏன்? ஜாயின் வகைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

நூலகத்தின் எல்லா உறுப்பினர்களையும், 2024இல் அவர்கள் எடுத்த இரவல்களோடு பட்டியலிட, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) லெஃப்ட் ஜாயின் எழுதியதாகச் சொல்கிறீர்கள். ஜாயின் என்பது இரண்டு அட்டவணைகளின் வரிகளை இணைப்பது. ஆண்டை வடிகட்டும் நிபந்தனையை 'வேர்' (WHERE, வரிகளை வடிகட்டும்) பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களின் படத்தைச் சற்று மறந்துவிடுங்கள். பாடங்கள் எல்லாம் அதையே காட்டுகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நீங்கள் சொன்ன நூலகத்தையே சிறியதாக்கிப் பார்ப்போம். 'உறுப்பினர்' அட்டவணையில் நான்கு பேர்: கயல், மணி, ரஹீம், ஸ்டெல்லா. 'இரவல்' அட்டவணையில் ஐந்து வரிகள்: 2024இல் கயல் எடுத்தவை மூன்று, ரஹீம் எடுத்தது ஒன்று; 2023இல் மணி எடுத்தது ஒன்று. ஸ்டெல்லா எதுவும் எடுக்கவில்லை.

கிராஸ் ஜாயினில் ஒவ்வோர் உறுப்பினரோடும் ஒவ்வோர் இரவலும் சேரும். 4 × 5, ஆக 20 வரிகள். அவற்றில் உறுப்பினர் எண் பொருந்துபவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டால் இன்னர் ஜாயின், 5 வரிகள். கயல் மூன்று முறை வருகிறாள். வட்டப் படத்தில் இதைக் காட்ட வழியே இல்லை. லெஃப்ட் ஜாயின், அந்த ஐந்தோடு துணை கிடைக்காத ஸ்டெல்லாவையும் சேர்த்துக்கொண்டு, அவளுடைய இரவல் விவரங்களை 'நல்' (NULL, அதாவது மதிப்பு இல்லை) என்று நிரப்பும். மொத்தம் 6. (மென்பொருள் உண்மையில் இருபது வரிகளையும் உருவாக்கிப் பார்ப்பதில்லை, ஆனால் விடை இப்படி யோசித்தால் வருவதுதான்.)

ஜாயின் முடிந்த பிறகுதான் 'வேர்' வேலை செய்யும். 'ஆண்டு = 2024' என்று அங்கே எழுதினால் மணியின் 2023 வரி போய்விடும். ஸ்டெல்லாவின் ஆண்டு நல். நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் 'ஆம்' என்ற விடை வராது, அவளும் போய்விடுவாள். மிஞ்சுவது 4 வரிகள். பெயர்தான் லெஃப்ட் ஜாயின், நடந்தது இன்னர் ஜாயின். அதே நிபந்தனையை 'ஆன்' (ON, எந்த வரியோடு எது சேரும் என்று சொல்லும்) பகுதிக்கு மாற்றுங்கள்: கயலுக்கு மூன்று, ரஹீமுக்கு ஒன்று, மணிக்கும் ஸ்டெல்லாவுக்கும் நல்லோடு ஒவ்வொன்று, ஆக 6. யாரும் விடுபடவில்லை.

எதையும் எடுக்காதவர்களை மட்டும் தேடும்போது நிலைமை வேறு. அப்போது ஆண்டு நிபந்தனை வேண்டாம்; 'இரவல் எண் இஸ் நல்' (IS NULL, இரவல் எண் இல்லாதவை) என்பதை வேர் பகுதியில்தான் எழுத வேண்டும்.

எண்ணும்போதும் கவனம் தேவை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் எத்தனை இரவல் என்று எண்ணும் கவுண்ட்டுக்குள் (COUNT) நட்சத்திரம் (*) போட்டால், வரிகளே எண்ணப்படுவதால் ஸ்டெல்லாவுக்கு 1 வரும். இரவல் எண்ணைப் போட்டால், நல் எண்ணப்படாததால் 0 வரும்.

ரைட் ஜாயின் என்பது அட்டவணைகளை இடம் மாற்றி எழுதிய லெஃப்ட் ஜாயின்தான். நான் அதை எழுதுவதே இல்லை. ஃபுல் ஜாயின் இரு பக்கத்திலும் துணை இல்லாதவற்றை வைத்துக்கொள்ளும். எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளில் இது 2022இல் வந்த 3.39 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற இன்னொன்றில் கிடையாது; லெஃப்ட் ஜாயினோடு, ரைட் ஜாயினில் துணை இல்லாத வரிகளை மட்டும் எடுத்து 'யூனியன் ஆல்' (UNION ALL, இரண்டு விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது) மூலம் சேர்க்க வேண்டும்.