'மெமென்டோ' படம் ஏன் இவ்வளவு குழப்புகிறது?

கிறிஸ்டோபர் நோலன் 2000-இல் இயக்கிய இந்தப் படம் நேர்வரிசையில் கதை சொல்வதில்லை. நடந்த வரிசை ஒன்று, நமக்குக் காட்டும் வரிசை வேறு.

வண்ணக் காட்சிகள் கடைசியிலிருந்து பின்னோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காட்சி முடியும் இடம், அதற்கு முன் நாம் பார்த்த காட்சி தொடங்கிய இடம். நடுநடுவே கறுப்பு வெள்ளைக் காட்சிகள். இவை இரண்டும் இறுதியில், ஒரு போலராய்டு போட்டோ (எடுத்தவுடன் கேமராவிலிருந்தே வெளிவரும் போட்டோ) தெளிந்து வரும்போது சேர்கின்றன. அதாவது படத்தின் முடிவு, கதையின் நடுப்பகுதி!

ஏன் இப்படி? நாயகன் லெனார்டுக்குத் தலையில் அடிபட்டதால் புதிய நினைவுகள் தங்காது. போட்டோவையும் உடம்பில் குத்திய பச்சையையும் நம்பித்தான் வாழ்கிறான். பாதி வழியில் பஸ் ஏறியவர் முன் சீட்டில் நடக்கும் சண்டையைக் கேட்பது போல, யார் பக்கம் நியாயம் என்று அவனுக்குத் தெரியாது. காட்சிகளைத் திருப்பிப் போட்டதால் நமக்கும் தெரியாது. அவன் நிலையை வசனத்தில் விளக்காமல் நம்மையே அனுபவிக்க வைத்ததுதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் பெரிய சாதனை.

சரி, வரிசை பிடிபட்டால் எல்லாம் தெளிந்துவிடுமா? இல்லை. லெனார்டின் மனைவி எப்படி இறந்தாள் என்று, அவனுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கூடவே வரும் டெடி சொல்வது உண்மையா என்பதைப் படம் உறுதிசெய்வதே இல்லை.

அப்புறம், படம் முழுக்கத் தலைகீழாக ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேர்வரிசையில்தான் போகின்றன.