ராணுவத்தில் இட ஒதுக்கீடு இல்லை. அங்கே தகுதி மட்டும்தான் பார்க்கப்படுகிறது என்பது உண்மையா?

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டதில் பாதிதான் உண்மை.

சிப்பாய் தேர்வில் சாதி ஒதுக்கீடு கிடையாது. ஆனால் எந்த மாநிலத்தில் எத்தனை பேரை எடுப்பது என்பது அங்கே சேரத்தக்க வயதில் உள்ள ஆண்களின் எண்ணிக்கையை ஒட்டியே பிரிக்கப்படுகிறது. காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் விடியற்காலையில் பையன்கள் ஓடிப் பழகுகிறார்கள். நேரம் பார்த்துச் சொல்வது நான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் முடித்தால் 48. அதற்கும் மேலானால் முன்பெல்லாம் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எல்லைக்கு இருபுறத்துப் பையன்களும் வீட்டில் பேசுவது தமிழ். ஆனாலும் ஒருவன் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும், மற்றவன் குண்டூருக்கு. உயரமும் அப்படித்தான்: நமக்கு 166 சென்டிமீட்டர், பஞ்சாப், ஹரியானாக்காரர்களுக்கு 170. இதனால் தரம் கெட்டதாக யாரும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்தியர் சண்டைக்கு ஆக மாட்டார்கள் என்று முடிவு கட்டினார். நம் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மகாராஷ்டிரத்துத் தலித் சமூகமான மகர் மக்களுக்கும் கதவு அடைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941-இல் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது, மதராஸ் ரெஜிமெண்டும் மீண்டும் எழுந்தது. அதே மண், அதே மனிதர்கள். மாறியது கொள்கை மட்டுமே.

என்னை மிகவும் புண்படுத்தியது வேறொன்று. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட வழக்கில், கிராமத்திலிருந்து வரும் ஜவான்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வாதிட்டது. கிராமத்து ஜவான் என்றால் நான்தானே? அதிகாரிக்கு வேலை தெரியுமா, ஆபத்தில் நம்மோடு நிற்பாரா என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மனம் நிறைந்தது.

மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. இளமையைப் பட்டாளத்தில் கழித்துவிட்டு வருபவனை, நேற்றுக் கல்லூரி முடித்தவனோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை என்பதற்காக வந்த ஏற்பாடு அது. எங்களில் யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது. அதே நியாயம்தான் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கும். ஒழுக்கத்தையும் கடமையையும் கற்றுக்கொண்டு வந்த நாம் அந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டும் என்று எங்கள் முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறேன். சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.