பெரிய அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களுக்கு வீடும் பணமும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

சீனாவின் த்ரீ கார்ஜஸ் அணையை உதாரணம் காட்டி, "அரசாங்கம் புது வீடு கொடுத்தது, பணம் கொடுத்தது, அப்புறம் ஏன் இன்னும் புலம்புகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கல்லூரி மாணவராக இருக்கலாம். உங்கள் வீட்டில் யாரும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வந்திருக்காது என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தீராது என்பதுதான் என் பதில்.

நான் சேலம் மாவட்டம், கொளத்தூர்ப் பக்கத்துக்காரன். சிங்கப்பூர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்டடங்களில் மின் பராமரிப்பு வேலை. கரண்டுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே இவன் வளர்ச்சிக்கு எதிரி, அணைக்கு எதிரி என்று பின்னூட்டத்தில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

என் அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவுடைய ஊர் பழைய பண்ணவாடி. இப்போது அது மேட்டூர் அணைக்குள் கிடக்கிறது. 1925-இல் அணை வேலை தொடங்கி 1934 ஆகஸ்ட் 21-ஆம் தேதி திறந்தார்கள். அம்மாயிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆட்டுக்கல்லைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள், வண்டி பாரம் தாங்காது என்று. ஆனால் அவருடைய அப்பா வாசல் நிலையை மட்டும் பெயர்த்து எடுத்து வந்தார். அந்த நிலை இன்றும் அம்மா வீட்டில் இருக்கிறது. பழைய காலத்து உயரம், நான் குனிந்துதான் போக வேண்டும். வலது பக்கத்து மரத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வழவழப்பான குழி. உள்ளே வரும்போதும் போகும்போதும் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம். பாதித் தேய்மானம் பழைய ஊரிலேயே ஆகியிருக்கும்.

இழப்பீடு கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பணத்தில் பெரிய தாத்தா மேட்டுக்காடு வாங்கினார். கிணறு வெட்டினார், பாறை வந்தது. இன்னொரு இடத்தில் வெட்டினார், அங்கேயும் பாறை. பணம் இரண்டு வருடத்தில் தீர்ந்தது. ஆற்றங்கரையில் வண்டல் மண்ணில் வெள்ளாமை செய்த மனிதர், கடைசியில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார். அரசாங்கக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே 'பட்டுவாடா ஆயிற்று' என்றுதான் இருந்திருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் பதில் உண்டு, அவருடைய கிணற்றில் கிடையாது.

தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 120 அடி நிரம்பினால் 16 கண் மதகு வழியாக உபரிநீர் பாய்ந்து போகும், அணையை ஒட்டிய எங்கள் பக்கத்துக் கிணறுகள் மட்டும் வறண்டு கிடக்கும். அந்த உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020-இல். அணை திறந்து 86 வருடம் கழித்து! இதைச் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பார்கள். எந்தக் கட்சிக்காரனும் இல்லை நான்.

2017 கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வருடம் அணை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் எழுபது அடி அளவுக்கு இறங்கினாலே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை தெரிய ஆரம்பிக்கும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். அந்தத் தடவை நந்தி முழுசாக வெளியே நின்றது. நடந்தே போகலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பிறந்ததே அணை கட்டிப் பல வருடம் கழித்துத்தான், அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் நந்திக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டி, "இப்படிப் போனா ரெண்டாவது வீதி, அதுல புளியமரத்துக்கு எதிர்வீடு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அம்மாயி சொல்லிச் சொல்லி மனப்பாடம். புளியமரம் எங்கே இருக்கப் போகிறது? வெடித்த சேறு, சிப்பி, ஓட்டாஞ்சில்லுதான். தண்ணீர் இறங்கிய இடத்தில் யாரோ எள் விதைத்திருந்தார்கள். அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேசவே இல்லை. அது எங்கள் வீட்டுச் சில்லுதானா என்று நான் கேட்கவில்லை.

சரி, சீனாவுக்கு வருகிறேன். அந்த அணையைப் பற்றி எனக்குத் தெரிந்தது கூடவே வேலை செய்த ஒரு பெரியவரால். எல்லாரும் ஷிஃபு என்றுதான் கூப்பிடுவோம், தொழிலில் மூத்தவரைச் சீனத்தில் மரியாதையாகக் கூப்பிடும் சொல். வான்சோ என்ற ஊர்க்காரர், யாங்சே கரையில், சோங்சிங் பக்கம். பழைய ஊரின் தாழ்ந்த பாதி முழுக்க நீருக்குள் போய்விட்டது. ஒரு நாள் இரவு வேலை. கரண்டை நிறுத்திவிட்டு சுவிட்ச் அறையில் காத்திருந்தோம், விடியற்காலை மூன்று மணி இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சீனம், மிச்சம் கைச்சாடையில்தான் எங்கள் பேச்சு. நான் நந்தி படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்தார். மலைச்சரிவில் ஒரு வீட்டுச் சுவர், அதன் குறுக்கே சிவப்புச் சாயத்தில் 175 என்ற எண். கடல் மட்டத்துக்கு மேல் 175 மீட்டர், தண்ணீர் அந்த மட்டம் வரைக்கும் வரும் என்று அரசாங்கம் எழுதி வைத்த அடையாளம். கீழே அவருடைய அம்மா ஆரஞ்சுக் கூடையோடு நிற்கிறார்.

அந்த மட்டம் வீட்டுக்கு மேலே இருந்தால் கிளம்ப வேண்டும். 1994-இல் வேலை தொடங்கி, 2003-இல் 135 மீட்டர், 2006-இல் 156, 2010-இல் 175 என்று படிப்படியாகத் தண்ணீர் ஏறியது. சுமார் 13 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அணையின் மின்திறன் 22,500 மெகாவாட். மேட்டூரின் இரண்டு நீர்மின் நிலையங்களும் சேர்ந்து 250 மெகாவாட்தான், அப்படித் தொண்ணூறு மேட்டூர். தண்ணீர் 3,930 கோடி கன மீட்டர், அதுவும் மேட்டூரைப் போலப் பதினைந்து மடங்கு. அதற்காகத்தான் கட்டினார்கள், வெள்ளத்துக்காகவும் கட்டினார்கள். 1954 வெள்ளத்தில் 30,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஷிஃபுவே சொல்வார், "கீழே வூஹான்காரர்களும் மனிதர்கள்தானே" என்று. அவர் அணையைத் திட்டி நான் கேட்டதில்லை.

ஆனால் அவருடைய அம்மாவுக்கு மலைமேல் ஒரு அடுக்குமாடி வீடு கிடைத்தது. நல்ல வீடு, மாடி, குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. அந்தம்மா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர். மாடி வீட்டில் ஆரஞ்சு எங்கே போடுவது? இப்போது பழத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார். அதைச் சொல்லும்போதுதான் ஷிஃபுவின் குரல் மாறியது. வெள்ளக் காலத்துக்கு முன் அணையை 145 மீட்டருக்கு இறக்கிவிடுவார்கள், குளிர்காலத்தில் மறுபடி 175. நடுவிலே முப்பது மீட்டர் உயரத்துக்குக் கரை முழுக்கப் பட்டையாகச் சேறு தெரியும். எங்கள் பக்கம் அதே பட்டையில் எள் போடுகிறார்கள் என்றேன். நம்பாமல் மறுபடி கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் ஒரு தனி மனிதரின் மனக்குறை என்று ஒதுக்காதீர்கள். 2003-இல் நீர் ஏற்றிய அடுத்த மாதமே அந்த அணைப் பகுதியில் சியென்ஜியாங்பிங் என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து உயிர்கள் போயின. 2011-இல் சீன மத்திய அரசே, இடம்பெயர்ந்தவர்களின் வாழ்க்கை, சுற்றுச்சூழல், நிலச்சரிவு இவற்றில் அவசரமாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. கட்டியவர்களே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் தீர்ந்தது என்று அடித்துப் பேச வேண்டும்?

இங்கே சிங்கப்பூரில் எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கும்போது மின்சார இறக்குமதி பற்றி ஒரு பள்ளித் திட்டம் செய்தான். 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரைக்கும் இங்கே வர ஆரம்பித்தது. அடுத்து மலேசியாவின் சரவாக் மாநிலத்திலிருந்தும் கொண்டுவரப் பேச்சு. அவன் நீலத்தில் அணை, பச்சையில் அம்புக்குறி எல்லாம் போட்டு, யாருக்கும் தீங்கில்லாத மின்சாரம் என்று தலைப்பு வைத்திருந்தான். நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சரவாக்கின் பாக்குன் அணையைத் தேடச் சொன்னேன். 2,400 மெகாவாட், 205 மீட்டர் உயரம். நீர் மூடிய பரப்பு 695 சதுர கிலோமீட்டர். "நம்ம நாடு எவ்வளவுடா?" என்றேன். பார்த்தான், 730-க்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட முழுச் சிங்கப்பூர். அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அப்போ யீஷூன்ல இருக்கவங்களை எல்லாம் எங்கப்பா அனுப்புவாங்க?" என்று கேட்டான். நாங்கள் யீஷூனில்தான் குடியிருக்கிறோம். பாக்குனுக்காகக் காயான், கென்யா, பெனான் என்ற அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் சுமார் 10,000 பேரை 1998 வாக்கில் சுங்கை அசாப் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். குடும்பத்துக்கு 3 ஏக்கர். காடும் ஆறும் முழுக்கத் தங்களுடையது என்று இருந்தவர்களுக்கு 3 ஏக்கர். மகன் தலைப்பை அழித்துவிட்டு வேறு எழுதினான்.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. அதே வருடம் தமிழ்க் கட்டுரைக்கு அவன் இந்தக் குடும்பக் கதையை எழுதினான். வீட்டில் தமிழ் பேசவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும், அவனாக ஆசைப்பட்டு எழுதிய முதல் கட்டுரை அது. துணைப்பாட ஆசிரியர் 'அம்மாயி' என்பதை அடித்து 'பாட்டி' என்று எழுதியிருந்தார். 'காட்டில் சோளம் விதைத்தார்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் 'காட்டில் சோளம் விளையாது, வயல் என்று எழுதவும்'. எங்கள் பக்கம் மேட்டு நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். அதை அந்தப் பையன் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தும் கற்று வைத்திருந்தான். போய்ப் பேசினேன். தேர்வில் மதிப்பெண் போகும், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊர் போயிற்று, சொல்லாவது மிஞ்சட்டும் என்று பார்த்தால் அதையும் அடிக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள், எல்லாரையும் சொல்லவில்லை.

அப்புறம் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். எடுத்த நிலத்துக்குப் பதில் தண்ணீர் வசதியுள்ள நிலம் கொடுங்கள். அணை ஓடுகிற காலம் முழுக்க, விற்கிற கரண்டில் வருடா வருடம் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள். வாங்குகிற நாங்களும் அதற்காக யூனிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், சிங்கப்பூர்க்காரர்களால் முடியாததில்லை. ஒரே தடவை பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கி, கோப்பை மூடுவதைத்தான் தப்பு என்கிறேன். என் பெரிய தாத்தாவும் கையெழுத்துப் போட்டவர்தான், அதுவும் கைநாட்டு.

உங்களுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், கோடையில் அணை அறுபது அடிக்குக் கீழே இருக்கும்போது மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல்துறைக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், நிழல் கிடையாது. நந்தி எந்தப் பக்கம் என்று பரிசல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எள் முளைத்திருந்தால் வரப்போரமாக நடங்கள், அது யாரோ ஒருவருடைய வெள்ளாமை.