அடையாள அட்டையை ஏஐக்குக் காட்டலாமா?

கேள்வி: ஹட்டனில் சிறிய கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்களுக்குக் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுக்கிறேன். சிங்களத்தில் எழுதுவது எனக்குச் சிரமம். அதனால் அடையாள அட்டை, டாக்டர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து சட்ஜிபிடியில் போட்டு எழுத வைக்கிறேன். சேமலாப நிதிப் பணத்துக்கு எழுத வந்த ஒரு அம்மாவின் மகன், "யாரைக் கேட்டு அம்மாவின் நோயை அதில் போட்டாய்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான் செய்தது குற்றமா? அந்தக் கடிதம் யாருக்குச் சொந்தம்?

பதில்: தம்பி, அந்த மகன் கேட்டது நியாயமான கேள்விதான்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டு விஷயத்துக்குத் தகவலைப் பயன்படுத்துபவரைத் தொடாது. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை நீங்கள் போட்டிருந்தால் பேச்சே இல்லை. நீங்களோ காசு வாங்கிச் செய்கிறீர்கள். அதிலும் நோய் விபரம் அந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்புப் பெற்ற வகை. சம்மதம் வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையதே.

பொலிஸ் வருமா என்று பயப்பட வேண்டாம். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரையை மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. அது ஜெயில் விவகாரமல்ல. சட்டம் முழுதாக அமுலாகும் நாள் 2025 மார்ச்சில் தள்ளிப்போனது உண்மை. அதைக் காட்டித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊருக்குள் கடையின் பெயர் கெட்டால் அதற்கு எந்த வர்த்தமானியும் உதவாது.

அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று நினைத்துவிட்டீர்கள். பழைய அட்டையில் 68555 என்று தொடங்கினால், 1968 பெப்ரவரி 24இல் பிறந்த பெண் என்று அர்த்தம். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள்; ஆகவே 555 என்றால் 55ஆவது நாள். கூடவே பெயரும் நோயும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

சொந்தம் யாருக்கு என்ற கேள்வியில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். எழுதி வந்ததை சட்ஜிபிடி கம்பனியின் நிபந்தனைகள் பயனருக்கே விடுகின்றன. காசு கொடுத்த அம்மா கடிதத்தை எடுத்துப் போகட்டும். உள்ளே இருக்கும் தகவல் வேறு. அதைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமை அவருக்குண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த உரையாடலை அழியுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் கம்பனியின் கணினிகளிலிருந்தும் நீங்கும். உங்கள் உரையாடலை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை செட்டிங்கில் நிறுத்துங்கள். ஆனால் ஏற்கெனவே பயிற்சிக்குப் போயிருந்தால் அது திரும்பாது. போனின் கெலரியில் கிடக்கும் படங்களையும் மறக்காதீர்கள்.

அப்புறம், கடிதம் எழுத ஏஐக்குப் பெயரோ இலக்கமோ தேவையே இல்லை. "ஒரு பெண் தொழிலாளி, மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்கிறார்" என்றால் போதும். பெயரையும் இலக்கத்தையும் பிரிண்ட் எடுக்கும் முன் உங்கள் கையால் போடுங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கும் ஒருதரம் போய், அழித்ததைப் போனிலேயே காட்டிவிட்டு வாருங்கள்.