குமிழி விடும் அந்தக் குழாய் வென்டிலேட்டரா?

கேள்வி: 31 வாரத்தில் பிறந்த என் தங்கை குழந்தைக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னொரு முனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கிறது, ஓயாமல் குமிழி வருகிறது. வென்டிலேட்டர் என்கிறார் ஒருவர், வெறும் ஆக்ஸிஜன்தான் என்கிறார் இன்னொருவர். வயிறும் உப்பலாக இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் இல்லை. அது பபுள் சிபேப், அதாவது மூச்சுப்பாதையில் எப்போதும் லேசான காற்றழுத்தம் இருக்கும்படி வைக்கும் முறை. மூச்சை இழுப்பதும் விடுவதும் குழந்தையேதான். மெஷின் எதையும் அடித்து ஊதுவதில்லை.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபேக்டன்ட் என்று ஒரு வழவழப்பான பொருள் வேண்டும், 31 வாரத்தில் அது போதிய அளவு சுரந்திருக்காது, அதனால் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் அறைகள் நனைந்த பாலித்தீன் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுபடி திறக்க அந்தப் பிஞ்சு உடம்பு படாத பாடு படும். பிறந்ததும் குழந்தை 'ங்ங்' என்று முனகியிருக்குமே, அது வலியில் இல்லை. குரல்வளையைப் பாதி மூடிக் கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறது. சிபேப் செய்வதும் இதே வேலைதான், குழந்தைக்குக் களைப்பில்லாமல். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி இந்த முறையைப் பற்றி எழுதினார். குழாய் தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதோ அதுதான் அழுத்தம், பெரும்பாலும் 5, 6. எளிய ஏற்பாடு, ஆனால் அசட்டையாக விடக்கூடியது இல்லை.

ஆக்ஸிஜனை மட்டும் கூட்டினால் ஒட்டிய அறைகள் திறக்காது. அதிகமாகப் போனால் விழித்திரையும் பாதிக்கும். அதனால்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை 90-95 சதவீதத்திலேயே வைக்கப் பார்க்கிறார்கள், 100 இல்லையே என்று சண்டை போடாதீர்கள்.

வயிற்று உப்பல் பெரும்பாலும் உள்ளே போன காற்றுதான், வாய்வழிக் குழாயைத் திறந்து வைத்து வெளியேற்றுவார்கள். ஆனால் வயிறு கல்லு மாதிரி இறுகினாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே சொல்லுங்கள். குமிழி நின்றுபோனாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம், நீங்களே குழாயைத் தொடவேண்டாம். மூக்குத்தண்டு சிவந்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அங்கே புண் வருவது சகஜம்.

சில குழந்தைகளுக்கு சிபேப் மட்டும் போதாது, சர்ஃபேக்டன்ட் மருந்து தேவைப்படும், அப்புறம் சிலருக்கு வென்டிலேட்டரும். அது யாருடைய தவறும் இல்லை. தங்கை பால் பீய்ச்சிக் கொடுக்கட்டும், குழாய் வழியாகக் கொடுப்பார்கள். நிலைமை சீராக இருந்தால் சிபேப்போடேயே நெஞ்சோடு அணைத்து வைக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாலும் பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை கட்டாயம்.